சூப்பர் கார் ஓடுறதால காத்து கெட்டுப்போகுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபெராரி, லம்போர்கினின்னு பேச்சு எடுத்தாலே ஒருத்தர் "இவனுங்களாலதான் ஊரே புகையா கெடக்கு"ம்பார், இன்னொருத்தர் "வயித்தெரிச்சல் படாதீங்க"ம்பார், ரெண்டு பேருமே கணக்கு பாக்கறதில்ல. இங்க உதாரணத்துக்கு அதிகமா லண்டனைத்தான் எடுத்திருக்கேன். கோடைக்காலம் வந்தா உலகத்துல இருக்கற விலை உயர்ந்த கார்லாம் வந்து குவியுற ஊரு அது, வண்டிப் புகையை வருஷக்கணக்கா அளந்து எழுதி வச்சிருக்கற ஊரும் அதுதான்.

சுருக்கமா சொல்லுங்க, மாசு பண்ணுதா இல்லையா?

பண்ணுது. ஆனா ஊர்க்காத்து கெட்டதுக்கு இதுதான் காரணம்னு கை காட்டினா அது தப்பு. எண்ணிக்கை ரொம்ப ரொம்ப கம்மி, ஒவ்வொண்ணும் வருஷத்துல ஓடுற தூரமும் கம்மி, அதுக்கும் மேல நம்ம நுரையீரலுக்குள்ள போற விஷ வாயுவுக்கான சட்டம் ஃபெராரிக்கும் சாதா காருக்கும் ஒண்ணேதான். கார்பன் டை ஆக்சைடு மட்டும் தனிக் கணக்கு, அதுல ஒரு கிலோமீட்டருக்குன்னு பாத்தா இந்த கார்ங்க பண்றது அநியாயம்தான். இந்த ரெண்டு கணக்கையும் ஒரே பையில போட்டு ஆட்டறதாலதான் பாதி சண்டை வருது.

அதெப்படிங்க, 8 லிட்டர் எஞ்சினும் 1 லிட்டர் எஞ்சினும் ஒரே அளவு புகையா விடும்?

நியாயமான சந்தேகம். புகாட்டி சிரான்ல 16 சிலிண்டர், நாலு டர்போ, 8 லிட்டர் எஞ்சின். அதுக்கும் ஐரோப்பாவுல யூரோ 6 சட்டம்தான் (வண்டிப் புகைக்கு அங்க போட்ட விதி, எண் ஏற ஏற கண்டிப்பும் ஏறும்), ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கும் அதே யூரோ 6தான். பெட்ரோல் கார்னா கிலோமீட்டருக்கு நைட்ரஜன் ஆக்சைடு 60 மில்லிகிராம், கார்பன் மோனாக்சைடு 1 கிராம், இதுக்கு மேல போகக்கூடாது. எஞ்சின் பெருசுங்கறதுக்காக "உனக்கு கொஞ்சம் கூட விடறேன்"னு சட்டத்துல எங்கயும் இல்ல.

எப்படி சமாளிக்கறாங்கன்னா, எல்லாம் சைலன்சருக்கு முன்னாடி உக்காந்திருக்கற கேட்டலிடிக் கன்வர்ட்டரோட வேலை, ஆளுங்க சுருக்கி கேட்னுதான் சொல்லுவாங்க. உள்ள தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். எஞ்சின்ல ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்குல 14.7 பங்கு காத்து சரியா கலந்து எரிஞ்சா, வெளிய வர்ற கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையுமே கேட் பெரும்பகுதி ஒழிச்சுடும், அந்த கலவை சரியா இருக்கான்னு ஆக்சிஜன் சென்சார் ஒண்ணு விடாம பாத்துக்கிட்டே இருக்கும். பெரிய எஞ்சினா? பெரிய கேட், ரெண்டு மூணு கேட், அவ்ளோதான். கோடிக்கணக்குல விக்கற கார்ல ரோடியம் விலை ஒரு பிரச்சனையா என்ன.

அழிக்க முடியாதது கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். பெட்ரோல் ஒரு லிட்டர் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வந்தே தீரும், அதுக்கு எந்த ஃபில்டரும் கிடையாது.

சரி, அந்த கார்பன் கணக்கைத்தான் போடுங்களேன்.

போடலாம். சிரானோட அதிகாரப்பூர்வ அளவு கிலோமீட்டருக்கு 516 கிராம். ஃபெராரி 812 சூப்பர்ஃபாஸ்ட் அமெரிக்க சோதனையில குடுத்த மைலேஜ் நம்ம கணக்குல லிட்டருக்கு அஞ்சரை கிலோமீட்டர். லிட்டருக்கு 20 குடுக்கற சின்ன கார் பக்கத்துல நிறுத்தினா மூணரை மடங்குக்கு மேல குடிக்குது.

ஆனா அந்த 812 வச்சிருக்கறவர் வருஷத்துக்கு எவ்ளோ ஓட்டுவார்? ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ரவுண்டு, அப்புறம் கவர் போட்டு மூடி வச்சுருவார், ஓடோமீட்டர் ஏறினா விக்கும்போது விலை இறங்கும்ங்கற பயம் வேற. 3,000 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, 545 லிட்டர், ஒண்ணேகால் டன் கார்பன் டை ஆக்சைடு. தினமும் ஆபீஸ் போற சின்ன கார் வருஷத்துக்கு 12,000 ஓடினா 600 லிட்டர், கிட்டத்தட்ட 1.4 டன். வருஷ முடிவுல ரெண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துல நிக்குது.

மொத்தமா பாக்கணுமா? 2023ல ஃபெராரி டெலிவரி குடுத்தது 13,663 கார், லம்போர்கினி 10,112. ரெண்டும் சேத்து 24,000கூட வரல. ஒவ்வொண்ணும் வருஷம் 5,000 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 300 கிராம்னு தாராளமாவே போட்டாலும் 36,000 டன்தான். உலகம் முழுக்க நிலக்கரி, எண்ணெய், கேஸ் எரிச்சு வெளிய வர்றது வருஷத்துக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன். அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு. பழைய கார், மத்த கம்பெனி கார் எல்லாத்தையும் சேத்து இதை இருபது மடங்கு ஆக்கினாலும் சதவீதத்துல சொல்ல புள்ளிக்கு அப்புறம் பூஜ்யம் போட்டுக்கிட்டே போகணும்.

அப்ப லண்டன் காத்தை யாருதான் கெடுத்தா?

டீசல். பஸ், டாக்ஸி, வேன், லாரி, அப்புறம் "மைலேஜ் நல்லா குடுக்கும், கார்பன் கம்மி"ன்னு அரசாங்கமே வரிச்சலுகை குடுத்து வாங்க வச்ச டீசல் கார்.

ஐரோப்பிய சட்டப்படி காத்துல நைட்ரஜன் டை ஆக்சைடு ஒரு மணி நேர சராசரி 200 மைக்ரோகிராமைத் தாண்டறது வருஷத்துக்கு 18 தடவைதான் இருக்கலாம். 2017ல தெற்கு லண்டன் பிரிக்ஸ்டன் ரோட்டுல அந்த வருஷத்துக்கு விட்ட 18 தடவைங்கற எல்லையை ஜனவரி 5ம் தேதியே தாண்டிருச்சு, புது வருஷம் பொறந்து ஒரு வாரம்கூட ஆகல. பிரிக்ஸ்டன் ரோட்டுல வரிசையா நிக்கறது லம்போர்கினி இல்லைங்க, பஸ். அதே காலத்துல ரொம்ப மோசம்னு பேர் வாங்கின இன்னொரு இடம் ஆக்ஸ்போர்ட் ஸ்ட்ரீட், அங்க அப்பவே பகல்ல தனியார் கார் பெரும்பகுதி உள்ள போக முடியாது, பஸ்ஸும் டாக்ஸியும்தான். சூப்பர் கார் ஊர்வலம் நடக்கற நைட்ஸ்பிரிட்ஜ்லயும் காத்து சுத்தம் இல்லதான், ஆனா ஹாரட்ஸ் கடை வாசல்ல மஞ்சள் லம்போர்கினி பின்னாடி நின்னுக்கிட்டிருக்கற டெலிவரி வேனை யாரும் போட்டோ எடுக்கறதில்ல.

அதிகம் புகை விடற வண்டிக்கு லண்டன்ல யூலெஸ்னு ஒரு கட்டணம் இருக்கே, அதுல சூப்பர் காருக்கு எவ்ளோ போடறாங்க?

சைபர்.

பல பேருக்கு இது ஜீரணமே ஆகறதில்ல. லண்டன்ல 2019 ஏப்ரல்ல நடு ஊருக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, 2021 அக்டோபர்ல விரிச்சு, 2023 ஆகஸ்ட்ல லண்டன் முழுக்க கொண்டுவந்த திட்டம். பெட்ரோல் வண்டின்னா யூரோ 4 இருக்கணும், டீசல்னா யூரோ 6 இருக்கணும், இல்லாட்டி நாளைக்கு 12.50 பவுண்ட். 2006க்கு அப்புறம் வந்த பெட்ரோல் கார் பெரும்பாலும் பாஸ் ஆயிடும், அதனால போன வருஷம் வாங்கின 12 சிலிண்டர் வி12 லம்போர்கினி யூலெஸ்னு ஒரு பைசா கட்டாம சுத்தும், 2013 மாடல் டீசல் வேன்ல டூல் பாக்ஸ் ஏத்திக்கிட்டு குழாய் ரிப்பேருக்குப் போறவர் தினம் 12.50 எடுத்து வைக்கணும். வயிறு எரியத்தான் செய்யும். ஆனா வேனுக்குப் பின்னாடி வர்ற நைட்ரஜன் ஆக்சைடையும் லம்போர்கினிக்குப் பின்னாடி வர்றதையும் அளந்து பாத்தா, காத்தைப் பொறுத்தவரைக்கும் அந்த விதி சரிதான். ஏழை பணக்காரன் நியாயம் பாக்கறதுன்னா அதுக்கு வரி போடணும், பழைய வேனை மாத்த பணம் குடுக்கணும், புகை அளக்கற கருவிகிட்ட அந்த நியாயத்தைக் கேட்டு என்ன பண்றது.

இதுல இன்னொரு கூத்து, 40 வருஷத்துக்கு மேல ஆன, பழமையான வண்டின்னு பதிஞ்ச காருக்கும் யூலெஸ் கிடையாது. 1970கள்ல வந்த லம்போர்கினி கவுன்டாக் எல்பி400ல ஆறு வெபர் கார்புரேட்டர் இருக்கும், கேட் கிடையாது. ஸ்டார்ட் பண்ணி பக்கத்துல நின்னீங்கன்னா கண்ணு எரியும், போட்ட சட்டைல சாயந்திரம் வரைக்கும் பெட்ரோல் வாடை வரும். கிலோமீட்டர் கணக்குல பாத்தா நிஜமாவே அழுக்கான சூப்பர் கார் இதுதான், இதுக்கும் கட்டணம் சைபர். ஊருக்குள்ள விரல் விட்டு எண்ணற அளவுதான் இருக்குங்கறதால யாரும் கண்டுக்கறதில்ல.

பேப்பர்ல பாஸ் ஆகறது வேற, ரோட்டுல விடறது வேற இல்லையா? ஏமாத்தலாமே?

ஏமாத்தியிருக்காங்க, ஆனா செஞ்சது சூப்பர் கார்க்காரங்க இல்ல. 2015 செப்டம்பர்ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஃபோக்ஸ்வாகனைப் பிடிச்சுது. 2 லிட்டர் டீசல் கார், குடும்பத்தோட போற சாதா கார், சோதனைக்கூடத்துல இருக்கோம்னு சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சா ஒழுங்கா ஓடும், ரோட்டுக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடை சட்ட அளவை விட 40 மடங்கு வரைக்கும் விடும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்ல அந்த சாஃப்ட்வேர் இருந்துச்சு. (புகாட்டி, லம்போர்கினி ரெண்டும் அப்ப அதே குழுமம்தான், ஆனா மாட்டினது கிளீன் டீசல்னு விளம்பரம் பண்ணி வித்த கார்.) எண்ணிக்கை எவ்ளோ பெரிய விஷயம்னு இதுல புரியும், ஃபெராரி 1947ல இருந்து இன்னைக்கு வரைக்கும் செஞ்ச கார் எல்லாத்தையும் சேத்தாலும் அந்த 1.1 கோடிக்கு பக்கத்துலகூட வராது.

அப்புறம் 2017 செப்டம்பர்ல இருந்து ஐரோப்பாவுல புது மாடல்களுக்கு பின்னாடி ஒரு கருவியை மாட்டி நிஜ ரோட்டுல ஓட்டியும் அளக்கறாங்க. அதுலயும் ஓட்டை இல்லாம இல்ல. ஆக்ஸிலரேட்டரை தரை வரைக்கும் மிதிச்சா, கேட் சூட்டுல உருகிடக் கூடாதுன்னு எஞ்சினுக்கு தேவைக்கு மேல பெட்ரோல் விட்டு குளிர வைக்கற பழக்கம் உண்டு, அந்த சில செகண்டுக்கு கார்பன் மோனாக்சைடு எகிறும். புகாட்டி வேரான் உச்ச வேகத்துல, அதாவது மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டி, போனா 100 லிட்டர் டேங்க் பன்னெண்டு நிமிஷத்துல காலி. அந்த நேரத்துல அது விடறது எந்த சட்டத்துக்கும் அடங்காது, ஆனா அந்த வேகத்துல போக உலகத்துல எத்தனை ரோடு இருக்கு.

காலைல ஸ்டார்ட் பண்ணும்போது அப்படி ஒரு உறுமல் உறுமுதே, அது மாசு இல்லையா?

இங்கதான் நான் அந்த உறுமல்ல தூக்கம் கெடற தெருக்காரங்க பக்கம். கேட் வேலை செய்யணும்னா அது 250, 300 டிகிரி சூடாகணும். ராத்திரி முழுக்க நின்ன கார்ல கேட் ஜில்லுனு கெடக்கும், அதனால முதல் நிமிஷத்துல வர்ற புகை ஏறக்குறைய அப்படியே வெளிய வரும். பெட்ரோல் கார் எதுவானாலும் ஒரு பயணத்துல விடற அழுக்குல பெரும் பங்கு இந்த முதல் ஓரிரு நிமிஷத்துலதான். கேட்டை சீக்கிரம் சூடாக்க கம்ப்யூட்டரே ஐடிலை ஏத்தி வச்சு, ஸ்பார்க்கை கொஞ்சம் லேட்டா அடிச்சு, சூட்டை சைலன்சர் பக்கம் தள்ளும். நீங்க கேக்கற உறுமல்ல பாதி ஓனரோட பந்தா, பாதி இந்த வேலை. எஞ்சின் பெருசுங்கறதால வெளிய வர்றதும் அதிகம். பேஸ்மென்ட் பார்க்கிங்ல ஒரு வி12ஐ ஜில்லுனு ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நண்பர்களுக்குக் காட்டறது சுத்த மடத்தனம், நின்னு ரசிக்கறவங்கதான் முதல்ல இழுக்கறாங்க.

கேட்டை கழட்டிட்டு ஸ்ட்ரெய்ட் பைப் போடறாங்களே?

உண்மையான பிரச்சனை இதுதான், நான் மேல சொன்ன நல்ல வார்த்தை எதுவும் இந்த வண்டிக்குப் பொருந்தாது. கேட் இருந்தா சத்தம் அமுங்குது, பவர் கொஞ்சம் குறையுதுன்னு அதை எடுத்துட்டு வெறும் பைப்பை வெல்டு பண்ணிடறாங்க, கூடவே ரீமேப் பண்ணி, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தி, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட் பட் டமார்னு வெடிக்க வைக்கறாங்க. அந்த வெடிச்சத்தம் வேற ஒண்ணும் இல்ல, எரியாத பெட்ரோல் சூடான பைப்புக்குள்ள போய் எரியறது. கேட் இல்லாத கார் 2024 மாடலா இருந்தாலும் புகையில 1980 மாடல்தான். பிரிட்டன்ல கம்பெனி வச்சு குடுத்த கேட் இல்லைன்னா வருஷாந்திர எம்ஓடி சோதனையில ஃபெயில், அதனால சோதனைக்கு முந்தின வாரம் திரும்ப மாட்டி, பாஸ் வாங்கிட்டு மறுபடி கழட்டற ஆளுங்களும் உண்டு. ஆனா இதை சூப்பர் கார்க்காரங்க மட்டும் பண்றாங்கன்னு நினைக்காதீங்க, செகண்ட் ஹேண்ட்ல ஹாட் ஹேட்ச், அதாவது வேகமா போற சின்ன கார், வாங்கின பசங்கதான் எண்ணிக்கையில அதிகம்.

டயர், பிரேக் தூசு பத்தி சொல்லவே இல்லையே?

இதை நிறைய பேர் மறந்துடறாங்க. பிரிட்டன்ல 2016 கணக்குப்படி ரோட்டுப் போக்குவரத்துல இருந்து வர்ற பிஎம் 2.5 நுண்தூசுல 60 சதவீதம் சைலன்சர்ல இருந்து வரல, டயர், பிரேக், ரோடு தேயறதுல இருந்து வந்துச்சு. லம்போர்கினி அவென்டடோர் எஸ் பின் டயர் 355 மில்லிமீட்டர் அகலம், ரப்பரும் மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேயும், ஒரு நாள் ரேஸ் டிராக்ல ஓட்டினா கண்ணு முன்னாடியே கரையும். பிரேக்ல நிலைமை நேர் எதிர், கார்பன் செராமிக் டிஸ்க் சாதா இரும்பு டிஸ்க்கை விட ரொம்ப நாள் உழைக்கும், வீல்ல கருப்பு தூசு அவ்வளவா படியாது. யூரோ 7ல முதல் தடவையா பிரேக் தூசுக்கும் அளவு வச்சிருக்காங்க, அப்ப எடை கூடின வண்டிக்குத்தான் கஷ்டம்.

எடை கூடின வண்டின்னா எஸ்யூவியைத்தானே சொல்றீங்க?

ஆமா. சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2023ல உலகத்துல இருக்கற எஸ்யூவிங்க விட்ட கார்பன் டை ஆக்சைடு 100 கோடி டன்னுக்கு மேல, அதை ஒரு நாடா எண்ணினா உலகத்துல அஞ்சாவது இடம். சூப்பர் காரை முறைச்சுப் பாக்கற பல பேர் வீட்டு வாசல்ல நிக்கறது இதுதான். லம்போர்கினியே 2023ல வித்ததுல பாதிக்கு மேல உரூஸ், அதுவும் எஸ்யூவி. தினமும் ஸ்கூலுக்கு பிள்ளையைக் கொண்டு விட எடுக்கறாங்க, மூடி வைக்கறதில்ல, அதனால இந்த ரகத்துல எனக்கு உறுத்தறது அதுதான்.

அரசாங்கம் இவங்களுக்கு சலுகை குடுக்குதுன்னு சொல்றாங்களே?

கார்பன்ல குடுக்குது. ஐரோப்பாவுல ஒவ்வொரு கம்பெனியும் விக்கற கார்களோட சராசரி கார்பன் அளவு இவ்ளோக்குள்ள இருக்கணும்னு சட்டம். அங்க வருஷத்துக்கு 1,000 காருக்குக் கீழ பதிவு பண்ற கம்பெனிக்கு அது கிடையவே கிடையாது, 10,000க்குள்ளன்னா தனி இலக்கு கேட்டு வாங்கிக்கலாம். 2023ல போட்ட சட்டத்துல அந்த தனி இலக்கை 2035 கடைசி வரைக்கும் நீட்டினாங்க, ஊர்ல அதுக்கு வச்ச பேரே ஃபெராரி திருத்தம்.

முன்னாடி ஆஸ்டன் மார்ட்டின் இந்த சராசரியைக் குறைக்க என்ன பண்ணாங்கன்னா, டொயோட்டா ஐக்யூன்னு ஒரு குட்டி காரை வாங்கி, தோல் சீட்டும் தன் மூக்கும் வச்சு, சிக்னெட்னு பேர் போட்டு 2011ல இருந்து சுமார் 30,000 பவுண்டுக்கு வித்தாங்க. பெருசா யாரும் வாங்கல, 2013ல மூடிட்டாங்க. சட்டம் போடறவங்களுக்கும் கார் செய்யறவங்களுக்கும் நடக்கற விளையாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காமெடி இது.

அமெரிக்காவுல வேற மாதிரி, 1978 சட்டப்படி அதிகம் குடிக்கற காருக்கு தனி வரி, 7,700 டாலர் வரைக்கும். மூணு லட்சம் டாலர் கார் வாங்கறவருக்கு அது ஒரு பெயின்ட் கலரோட விலை. அதுலயும் எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் அந்த வரியே கிடையாது, அங்கதான் இன்னும் கடுப்பாகுது.

வளைகுடாவுல இருந்து விமானத்துல கார் கொண்டு வர்றாங்களாமே, அதையும் சேத்துக்கலாமா?

கட்டாயம் சேக்கணும், கார்பன்ல பெரிய ஓட்டையே அங்கதான். தோஹால இருந்து லண்டன் சுமார் 5,200 கிலோமீட்டர், கார் எடை 1.6 டன். சரக்கு விமானத்துல ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக அரை கிலோ கார்பன்னு குறைச்சே வச்சாலும் ஒரு வழிக்கு 4 டன்னுக்கு மேல, போய்வர 8 டன். கிலோமீட்டருக்கு 500 கிராம் விடற கார் அந்த 8 டன்னை ரோட்டுல விடணும்னா 16,000 கிலோமீட்டர் ஓடணும். ரெண்டு மாசம் நைட்ஸ்பிரிட்ஜ்ல நாலு தெருவைச் சுத்திட்டு திரும்பிப் போற கார் அதுல பத்துல ஒரு பங்குகூட ஓடாது.

ஹைப்ரிட் வந்துருச்சே, இனிமே பிரச்சனை தீர்ந்துடுமா?

லம்போர்கினி ரெவுல்டோல வி12 கூட மூணு எலக்ட்ரிக் மோட்டார், ஃபெராரி எஸ்எஃப்90 கரன்ட்ல மட்டும் 25 கிலோமீட்டர் வரைக்கும் போகும். காலைல தெருவை எழுப்பாம வெளிய போகலாம், அது நல்லதுதான். ஆனா சார்ஜ் போடாமலே ஓட்டினா பேட்டரியும் சேந்து வெறும் எடைதான்.

இந்தியாவுல?

லம்போர்கினி இங்க வருஷத்துக்கு நூத்துச் சொச்சம் விக்குது. 2020 ஏப்ரல்ல இருந்து புது வண்டி எல்லாத்துக்கும் புகைக்கு பிஎஸ்6 விதி, லம்போர்கினிக்கும் சேத்துத்தான். ஈசிஆர்ல ஞாயித்துக்கிழமை காலைல வரிசையா போற கார்ங்களால சத்தமும் விபத்து பயமும் இருக்கு, அதைக் கேளுங்க, நியாயம். சென்னைக் காத்துக்கு அதைக் கேக்கறதுல அர்த்தம் இல்ல.

அப்ப ஊருக்குள்ள இந்த கார்ங்களை கட்டுப்படுத்தவே வேண்டாமா?

வேணும், ஆனா காரணத்தை சரியா சொல்லிக் கட்டுப்படுத்தணும். நைட்ஸ்பிரிட்ஜ் இருக்கற கென்சிங்டன் செல்சீ கவுன்சில் 2015லயே சும்மா ரெவ் பண்றது, திடீர்னு சீறிப் பாயறது, ரேஸ் விடறது இதுக்கெல்லாம் அபராதம்னு உத்தரவு போட்டாங்க, பின்னாடி சத்தத்தை அளந்து நம்பர் பிளேட்டைப் படிக்கற கேமராவும் வச்சாங்க. அங்க குடியிருக்கறவங்க தூக்கம் கெடுது, அதுக்கு மருந்து அது. கேட் கழட்டினவன் சத்தமும் அதிகம் போடறவன்தான், அதனால சத்தத்துக்கு வச்ச கேமராவுல புகை விடறவனும் கொஞ்சம் மாட்டுவான்.